உயரத்தில் ஒரு வாரம்: வால் தொரான்ஸா, செர்மாட்டா, ஓபர்குர்கலா?

ஆல்ப்ஸில் பனிச்சறுக்கு விடுமுறைக்கு ஊர் தேடுகிறவர்கள் இப்போதெல்லாம் விலைக்கு முன்பே உயரத்தைப் பார்க்கிறார்கள். பார்க்கத்தான் வேண்டும். 1,000, 1,200 மீட்டரில் இருக்கும் பழைய கிராமங்களில் பிப்ரவரியில்கூட மழை பெய்கிறது. இரு பக்கமும் புல் தெரிய, நடுவில் இயந்திரம் தூவிய பனி ஒரு வெள்ளைப் பட்டையாகக் கிடக்கிறது. சேர்த்து வைத்த பணத்தைக் கட்டி, விமானம் ஏறிப் போய், அந்தப் பட்டையில் வரிசையாகச் சறுக்க யாருக்கும் மனம் வராது.

அப்படி உயரம் தேடுகிறவர்களின் பட்டியலில் கடைசிவரை தாக்குப்பிடிக்கும் பெயர்கள் சில உண்டு. பிரான்ஸில் வால் தொரான்ஸ், ஸ்விட்சர்லாந்தில் செர்மாட், ஆஸ்திரியாவில் ஓபர்குர்கல். ஷெங்கன் விசா ஒன்று இருந்தால் மூன்றுக்கும் போகலாம். மூன்றிலும் டிசம்பர் பிற்பாதியிலிருந்து ஏப்ரல் வரை பனிக்குப் பெரும்பாலும் பஞ்சமில்லை. ஆகவே எங்கே பனி அதிகம் என்று பார்த்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. நான் கேட்கச் சொல்வது வேறு கேள்வி: காற்று வீசி, மேகம் இறங்கி, சறுக்குகிறவர்களை மலைமேல் ஏற்றும் லிஃப்டுகள் நின்றுபோகும் நாளில் இந்த ஊரில் என்ன செய்வீர்கள்? ஆறு நாள் சறுக்கலாம் என்று கணக்குப் போட்டுப் போனால், நடுக்குளிர்காலத்தில் ஒன்றிரண்டு நாள் இப்படிக் கெடுவது சர்வ சாதாரணம். விளம்பரப் படங்களில் வானம் எப்போதும் நீலம். நீல வானத்தன்று மூன்று ஊரும் அருமைதான். எது நமக்கான ஊர் என்பது மற்ற நாட்களில்தான் தெரியவரும்.

வால் தொரான்ஸ் 2,300 மீட்டரில் இருக்கிறது. ஐரோப்பாவிலேயே மிக உயரத்தில் இருக்கும் பனிச்சறுக்கு ஊர் இதுதான். 1970-களின் தொடக்கத்தில், கோடையில் மந்தைகள் மேய்ந்த மலைச்சரிவில், சறுக்குவதற்கென்றே கட்டினார்கள். பழமை எதையும் இங்கே எதிர்பார்க்கக் கூடாது. எதற்காகக் கட்டினார்களோ அதை நன்றாகவே செய்கிறது: பெரும்பாலான கட்டடங்களில் வாசலிலேயே ஸ்கீ என்ற சறுக்குப் பலகைகளை மாட்டிக்கொண்டு இறங்கலாம், சறுக்கியபடியே வீட்டு வாசலுக்குத் திரும்பலாம். குர்ஷெவெல், மெரிபெல் ஆகிய ஊர்களோடு லிஃப்டுகளால் இணைந்த ‘மூன்று பள்ளத்தாக்குகள்’ என்ற பகுதியின் உச்சி முனை இது. மொத்தம் 600 கிலோமீட்டர் தடங்கள். நன்றாகச் சறுக்கத் தெரிந்தவர் ஒரு வாரம் முழுக்க ஓடினாலும் முடிக்க முடியாது. 3,200 மீட்டர் உயரமுள்ள சிம் கரோன் உச்சியில் கேபிள் காரிலிருந்து இறங்கி, ஒரு காலைப் பொழுதில் சுற்றியிருக்கும் சிகரங்களைப் பார்த்தால், விடுமுறைக்குக் கொடுத்த காசு அங்கேயே வசூலாகிவிடும்.

இப்போது கெட்ட நாள். வால் தொரான்ஸைச் சுற்றி மரமே கிடையாது. மரம் வளரும் எல்லைக்கு மேலே இருக்கிற ஊர். இதைப் படிக்கும்போது சாதாரணமாகத்தான் தெரியும். ஆனால் மேகம் இறங்கிய நாளில் கண்ணுக்குப் பிடிமானம் கொடுப்பது மரங்கள்தான். அவை இல்லையென்றால் தரையும் வெள்ளை, வானமும் வெள்ளை, நடுவில் இருக்கும் காற்றும் வெள்ளை. அப்படி ஒரு நாளில் நாற்காலி லிஃப்டிலிருந்து இறங்கி, அசையாமல் நிற்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஓரத்துக் கம்பம் ஒன்று மெல்ல என்னைத் தாண்டி மேலே போனபோதுதான், வழுக்கிக்கொண்டிருப்பது நான் என்று தெரிந்தது. வயிற்றைப் புரட்டியது. பக்கத்தில் ஒரு பெண் பனியில் உட்கார்ந்தே விட்டார்.

அந்தக் கம்பங்களைப் பற்றிப் பயிற்சி வகுப்பின் முதல் நாளிலேயே தெரிந்துகொள்வது நல்லது. பிரெஞ்சுத் தடங்களில், இறங்குகிறவருக்கு வலப்பக்கமாக இருக்கும் கம்பங்களுக்கு உச்சியில் ஆரஞ்சு நிறப் பட்டை இருக்கும். கம்பங்களில் மாட்டிய வட்டத் தகடுகளில் எண்கள் இருக்கும். இறங்க இறங்க எண் குறையும். 1 வந்துவிட்டால் தடம் முடிகிறது. கண் தெரியாத நாளில் ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பம், அதிலிருந்து அதற்கடுத்தது என்று இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

கீழே மரங்கள் உள்ள பகுதிக்குப் போய்ச் சறுக்கலாமே என்று கேட்கலாம். குர்ஷெவெல் பக்கம் காட்டுக்குள் அழகான தடங்கள் உண்டு. ஆனால் அங்கே போக மெரிபெல் பள்ளத்தாக்கின் விளிம்பைத் தாண்ட வேண்டும். காற்றடித்தால் முதலில் நிறுத்துவது அந்த விளிம்பு லிஃப்டுகளைத்தான். இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. காலையில் வெயிலை நம்பி குர்ஷெவெல் வரை போய்விட்டு, மதியம் காற்றெழுந்து இணைப்பு லிஃப்ட் மூடிவிட்டால், மலையைச் சுற்றிக்கொண்டு பள்ளத்தாக்கு வழியாக டாக்ஸியில்தான் திரும்ப வேண்டும். டாக்ஸிக்காரருக்கும் அது தெரியும். கட்டணம் அதற்கேற்றபடி இருக்கும். லிஃப்ட் மூடும் நேரத்தைத் தாண்டி ஒரு காபி குடித்தாலும் இதே கதைதான்.

சறுக்காதவர்களுக்கு இந்த ஊரில் என்ன இருக்கிறது? விளையாட்டு அரங்கம், நீச்சல் குளம், சில கடைகள், மலைச்சரிவில் சத்தமாகப் பாட்டுப் போடும் மதுக்கூடங்கள். பெக்லே சிகரப் பக்கம் 6 கிலோமீட்டர் நீளத்துக்குப் பனிச்சறுக்கு வண்டித் தடம் இருக்கிறது. அதுவும் லிஃப்ட் ஓடினால்தான். இரண்டாம் நாளே அலுப்புத் தட்டும். பெற்றோரை அழைத்துக்கொண்டு போகிற இடமில்லை இது.

தங்குமிடம் பெரும்பாலும் அடுக்ககங்கள். ‘நான்கு பேருக்கு’ என்று போட்டிருந்தால் சதுர மீட்டர் எவ்வளவு என்று கட்டாயம் பாருங்கள். பழைய கட்டடங்களில் இரண்டு பேர் வரவேற்பறை சோபாவில் படுக்க வேண்டும், மற்ற இருவருக்கு வாசல் நடையில் அடுக்குக் கட்டில். எட்டுப் பூட்ஸுகள், நான்கு ஈர ஜாக்கெட்டுகள், ஒரு ஹீட்டர். மனிதர்கள் ஒருவரையொருவர் எவ்வளவு நேசிக்கிறார்கள் என்பது மூன்றாம் நாள் காலை தெரிந்துவிடும். ஆனால் அடுக்களை இருக்கிறது, நம்மவர்களுக்கு அது பெரிய வரம். ஜெனீவா வழியாகப் போனால் அங்குள்ள தமிழ்க் கடையிலேயே சாமான் வாங்கிக்கொண்டு ஏறலாம். 2,300 மீட்டரில் தண்ணீர் ஏறத்தாழ 92 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பை வைத்துவிட்டு உட்கார்ந்தால் இரவு உணவு பத்து மணிக்குத்தான். சின்ன குக்கர் ஒன்று பெட்டியில் இருக்கட்டும்.

போக்குவரத்தில் ஒரு சங்கடம்: அடுக்ககங்கள் பெரும்பாலும் சனி முதல் சனி வரைதான் வாடகைக்குக் கிடைக்கும். அதனால் சனிக்கிழமை, மலையடிவாரத்தில் இருக்கும் மூத்தியே நகரத்துச் சாலையில் வண்டிகள் நகராது. பிப்ரவரி பள்ளி விடுமுறைச் சனிக்கிழமைகளில் அந்தப் பக்கம் காரில் போகவே கூடாது என்பது என் கட்சி. மூத்தியே வரை ரயிலில் வந்து பஸ் பிடிப்பது நல்லது.

செர்மாட் முற்றிலும் வேறு ரகம். கிராமம் 1,620 மீட்டரில்தான் இருக்கிறது, வால் தொரான்ஸைவிட ஏறக்குறைய 700 மீட்டர் கீழே. ஆனால் சறுக்கும் இடம் 3,883 மீட்டர் உயரக் கிளைன் மேட்டர்ஹார்ன் வரை போகிறது. ஐரோப்பாவில் கேபிள் கார் எட்டும் மிக உயரமான நிலையம் அது. பனியாற்றின் மேல் இருப்பதால் ஆண்டு முழுவதும் சறுக்கலாம் என்று அவர்கள் சொல்வது பொதுவாக உண்மை. 2022 ஜூலையில் வெப்பம் தாங்காமல் கோடைச் சறுக்கலை நிறுத்த வேண்டி வந்ததும் உண்மை.

பெட்ரோல் கார்கள் கிராமத்துக்குள் வர முடியாது. தெஷ் என்ற ஊரில் வண்டியை விட்டுவிட்டு 12 நிமிட ரயில். ஜூரிக்கிலிருந்து வந்தால் விஸ்ப் நிலையத்தில் மாறி, மூன்றரை மணி நேரத்துக்குள் முழுப் பயணமும் ரயிலிலேயே முடிந்துவிடும். குழந்தைகளையும் பெட்டிகளையும் வைத்துக்கொண்டு பயணம் செய்த யாருக்கும் இதன் அருமை புரியும்.

கெட்ட நாளில் செர்மாட் ஜெயிக்கிறது என்பதுதான் என் துணிபு. மேலே கேபிள் கார்கள் நின்றாலும் கோர்னர்கிராட் ரயில் எளிதில் நிற்பதில்லை. 1898-இல் ஓடத் தொடங்கிய மின்சாரப் பற்சக்கர ரயில் இது. 3,089 மீட்டர் வரை ஏறுகிறது. கம்பியில் தொங்குகிற பெட்டியைப் போலக் காற்றுக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஸ்கீயைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவரும், கேமராவோடு வந்த தாத்தாவும் ஒரே பெட்டியில் ஏறுகிறார்கள். சறுக்கத் தெரியாதவர்கள் ரோட்டன்போடன் நிலையத்தில் இறங்கி ரீஃபல்பெர்க் வரை பனிவண்டியில் வழுக்கி வரலாம். கிராமத்தை நோக்கி இறங்கும் தடங்களின் கீழ்ப் பகுதிகளில் மரங்களும் உண்டு.

மலை மொத்தமும் மூடிக்கிடந்தாலும் கிராமம் இருக்கிறது. பின்தெருவில் பழைய மரக் களஞ்சியங்கள், கல்லால் ஆன வட்டத் தட்டுகளின் மேல் கால்தூக்கி நிற்கின்றன. தானியத்தைத் தேடி எலி ஏறினால் அந்தத் தட்டின் அடிப்பக்கம் தாண்ட முடியாது. அருங்காட்சியகத்தில் ஒரு கயிற்றுத் துண்டு இருக்கிறது. 1865 ஜூலை 14 அன்று ஆங்கிலேய மலையேறி எட்வர்ட் விம்பர் குழுவினர் ஏழு பேர் முதன்முறையாக, ஊருக்கு மேலே நிற்கும் மேட்டர்ஹார்ன் சிகரத்தின் உச்சியை அடைந்தார்கள்; இறங்கும்போது கயிறு அறுந்து நான்கு பேர் விழுந்து இறந்தார்கள். அந்தக் கயிறுதான். என் விரல் தடிமன்கூட இருக்காது. அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, மேகம் விலகியிருந்தால் அந்த 4,478 மீட்டர் சிகரத்தைப் பார்க்கும்போது, அது படத்தில் பார்த்த மலையாகத் தெரிவதில்லை.

குறைகளும் உண்டு. முதலாவது, புதிதாகக் கற்கிறவர்களுக்கு ஊருக்குள்ளேயே சமதளம் கிடையாது. மலைக்குள் குடைந்த சுரங்க ரயிலில் 2,288 மீட்டர் சுன்னெக்காவுக்கு ஏறி, அங்கே கற்க வேண்டும். ஆறு வயதுக் குழந்தை அழ ஆரம்பித்தால் அறைக்குத் திரும்புவது ஒரு பயணம். இரண்டாவது, கிராமம் நீளமானது. மூன்று சறுக்குப் பகுதிகளுக்கும் மூன்று வெவ்வேறு இடங்களில் ஏறுமிடம். ஸ்கீ பூட்ஸோடு அந்தத் தெருவில் நடப்பது தண்டனை. மின்சார பஸ் ஓடுகிறது, காலையில் பிதுங்கி வழிகிறது. மூன்றாவது, எதைத் தொட்டாலும் விலை. லிஃப்டுகளில் ஏறுவதற்கான ஸ்கீ பாஸ் விலைகூட நாளைப் பொறுத்து மாறுகிறது. முன்கூட்டி வாங்கினால் கொஞ்சம் மிச்சம். ஸ்விட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாததால், பிரான்ஸ் அல்லது ஜெர்மனி சிம் கார்டு வைத்திருப்பவர்கள் ரோமிங் கட்டணத்தைச் சரிபார்த்துவிட்டுப் போவது நல்லது.

செலவுக்கு அஞ்சுகிறவர்களுக்கு ஒரு குறுக்குவழி, மலைக்கு அந்தப் பக்கம். இத்தாலியின் செர்வினியா 2,050 மீட்டரில் இருக்கிறது. செர்மாட்டோடு இணைந்த ஒரே சறுக்குப் பகுதி. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 360 கிலோமீட்டர் தடங்கள். அறையும் சாப்பாடும் கணிசமாக மலிவு. சரிவுகள் அகலமானவை, மென்மையானவை. பயந்து பயந்து சறுக்குகிறவருக்கும் நம்பிக்கை வரும். செர்மாட்டில் தங்கியிருப்பவர்களே மதியச் சாப்பாட்டுக்கு எல்லை தாண்டி இந்தப் பக்கம் சறுக்கி வருகிறார்கள். ஆனால் இணைப்பு 3,480 மீட்டர் பிளாட்டோ ரோசா வழியாகப் போகிறது. காற்றெழுந்தால் அது மூடும். இத்தாலியில் மாட்டிக்கொண்டால் சாலை வழியாகச் செர்மாட் திரும்பப் பல மணி நேரம் ஆகும், ஒரு நல்ல ஸ்கீயின் விலையும் ஆகும். கெட்ட நாளில் செர்வினியா ஊருக்குள் பார்க்க ஒன்றும் இல்லை; அழகில்லாத கட்டடங்கள்தான். இத்தாலியத் தடங்களில் மூன்றாம் நபர் இழப்பீட்டுக் காப்பீடு 2022 முதல் கட்டாயம். ஒரு நாளுக்குப் போனாலும் வேண்டும்.

ஓபர்குர்கலைப் பற்றிச் சொல்ல அவ்வளவு இல்லை. அதுவே அந்த ஊரின் குணம். ஓட்ஸ்டால் பள்ளத்தாக்கின் கடைசியில், 1,930 மீட்டரில், ஒரு தேவாலயமும் சில ஹோட்டல்களும். இன்ஸ்ப்ருக்கிலிருந்து ஒன்றரை மணி நேரம். அண்டையில் 2,150 மீட்டரில் இருக்கும் ஹோக்குர்கலோடு கொண்டோலா என்ற கேபிள் பெட்டி லிஃப்டால் இணைப்பு. மொத்தத் தடங்கள் ஏறத்தாழ 110 கிலோமீட்டர். வால் தொரான்ஸ் பகுதியோடு ஒப்பிட்டால் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. 1931 மே மாதத்தில் ஸ்விஸ் விஞ்ஞானி ஒகுஸ்த் பிக்கார் பலூனில் 15,781 மீட்டர் உயரம் வரை போய்விட்டு, இறங்கியது இந்த ஊருக்கு மேலே உள்ள பனியாற்றில். அன்று உலகப் பத்திரிகைகளில் பெயர் அடிபட்ட ஊர், பிறகு பெரிதாகச் சத்தம் போடவில்லை.

ஆனால் முதல்முறை சறுக்கப் போகிற குடும்பத்துக்கு நான் கைகாட்டுவது இதைத்தான். பயிற்சிச் சரிவு ஊருக்குப் பக்கத்திலேயே. ஜன்னலிலிருந்து பார்த்தால் பிள்ளை விழுவதும் எழுவதும் தெரியும். வரிசைகள் குட்டி. ஹோட்டல்களில் பெரும்பாலும் காலை உணவும் இரவு உணவும் வாடகையிலேயே சேர்ந்துவிடும், பல இடங்களில் மாலையில் கேக்கும் உண்டு. ஆகவே செலவு முதல் நாளிலேயே தெரிந்துவிடுகிறது. சைவம் சாப்பிடுகிறவர்கள் முன்பே எழுதிச் சொல்லிவிட வேண்டும். சீஸ் சேர்த்த ஷ்பெட்ஸ்லே என்ற நூடுல்ஸ் போன்ற பண்டத்தைச் சைவம் என்று கொண்டுவந்து வைப்பார்கள். மாவில் முட்டை இருக்கும். செர்மாட்டில் ஃபோண்டு கேட்டால் உருக்கிய சீஸோடு வெள்ளை ஒயினும் கலந்திருக்கும். அவர்கள் ஏமாற்றுவதில்லை, நம் கணக்கு அவர்களுக்குத் தெரியாது.

கெட்ட நாளில் இங்கேயும் மேலே மரமில்லாத வெண்மைதான். ஆனால் இழப்பதற்குப் பெரிய பகுதி இல்லாததால் மனம் அவ்வளவு அடித்துக்கொள்வதில்லை. ஊரையொட்டிப் பழைய பைன் காடு ஒன்று இருக்கிறது, நடைபாதைகள் உண்டு. பள்ளத்தாக்கில் கீழே லெங்கன்ஃபெல்டில் வெந்நீர் ஊற்றுக் குளியல். பனி கொட்டும்போது திறந்தவெளியில் கழுத்தளவு சுடுநீரில் நிற்கலாம். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு மட்டும் மாலை நேரங்கள் நகராது. அவர்கள் கேட்பது பள்ளத்தாக்கில் கீழே இருக்கும் கலகலப்பான ஊரான சோல்டன்.

உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ நேராகப் போய் 2,300 மீட்டரில் படுத்தால் முதல் இரண்டு இரவு தூக்கம் சரியாக வராது, லேசான தலைவலி இருக்கும். காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைவு. செர்மாட்டில் தூங்குவது கீழே என்பதால் இரவு சுகம். ஆனால் கிளைன் மேட்டர்ஹார்ன் உச்சிக்கு ஒரே மூச்சில் ஏறினால் படிக்கட்டில் நான்கு அடி வைப்பதற்குள் மூச்சு வாங்கும். அங்கே கைக்குழந்தைகளைக் கொண்டு போகக் கூடாது. இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போகவும் கூடாது. வெயில் சுடாது என்பதால் சன்ஸ்கிரீனை மறந்துவிடுகிறவர்கள் மாலையில் மூக்கு உரிந்து வருகிறார்கள். நம் தோலுக்கும் இது பொருந்தும்.

எப்போது போவது என்பது எங்கே போவது என்பதையே மாற்றிவிடும். ஜனவரியில் விலை குறைவு, கூட்டம் குறைவு, குளிரும் காற்றும் அதிகம். கெட்ட நாட்களுக்கான மாதம். அப்போது செர்மாட் அல்லது ஓபர்குர்கல். பிப்ரவரி பள்ளி விடுமுறை வாரங்களில், வேறு வாரம் கிடைத்தால் எங்கேயும் போகாதீர்கள். மார்ச் பிற்பாதியும் ஏப்ரலும் வந்தால் கணக்கு தலைகீழ். பகல் நீள்கிறது, கீழே உள்ள ஊர்கள் கடையை மூடுகின்றன, உயரத்துக்கு அப்போதுதான் உண்மையான மதிப்பு. நன்றாகச் சறுக்குகிற நண்பர்கள் கூட்டத்துக்கு ஏப்ரல் வால் தொரான்ஸுக்கு ஈடில்லை. அந்த மாதத்தில் அது எனக்கும் முதல் தேர்வு. காலையில் இறுகிக் கிடக்கும் பனி பதினொரு மணிக்குமேல் வெயிலில் இளகிவிடும். சீக்கிரம் எழுந்து, மூன்று மணிக்கு முடித்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் ஒருவர் கெட்டிக்காரர், இருவர் கற்றுக்குட்டிகள், மாமியார் சறுக்கவே மாட்டார் என்ற வழக்கமான கலவைதானா? பணம் இருந்தால் செர்மாட், எண்ணிச் செலவழிப்பதாக இருந்தால் ஓபர்குர்கல். கெட்டிக்காரர் முகத்தைச் சுளிப்பார். அடுத்த முறை நண்பர்களோடு போய்க்கொள்ளட்டும்.

எந்த ஊரானாலும் திரும்பும் விமானத்தை மலையிலிருந்து இறங்கும் நாள் மதியத்துக்குப் போடாதீர்கள். மூன்றுக்கும் ஏறிப்போக ஒரே ஒரு பாதைதான். 2018 ஜனவரியில் பனிச்சரிவு அபாயத்தால் செர்மாட்டின் சாலையும் ரயிலும் மூடப்பட்டபோது சுமார் 13,000 சுற்றுலாப் பயணிகள் உள்ளே அகப்பட்டுக்கொண்டார்கள். பயணக் காப்பீட்டில் தடத்திலிருந்து தூக்கிவரும் செலவும் ஹெலிகாப்டர் செலவும் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் பனிச்சறுக்குக்குத் தனியாகக் கட்ட வேண்டியிருக்கும்.